மச்சாது கட்டடத்தின் குளிர்

தூத்துக்குடியின் பழைய கடைத்தெருவில் மச்சாது கட்டடத்தையும் பியூலாவையும் பிரித்துப் பேச யாருக்கும் வராது. சிறுமியாக இருந்தபோது அதன் இரண்டாம் மாடியில் கணக்கு டியூஷன் படித்தாள். படிப்பு முடிந்ததும் அதே கட்டடத்தின் கீழ்த்தளத்தில் செல்போன் உறை விற்கிற கடையில் வேலைக்கு நின்றாள். ஒரே போனுக்கு நாலைந்து தரம் உறை மாற்ற வந்த சேவியரின் நோக்கம், கடை முதலாளிக்குப் புரிந்த பிறகுதான் அவளுக்குப் புரிந்தது. கல்யாணம் ஆயிற்று. கல்யாணப் புகைப்படம் எடுத்த ஸ்டுடியோவும் அந்தக் கட்டடத்தில்தான் இருந்தது.

கட்டடத்துக்கு அவளைவிட நீண்ட கதை உண்டு. பஞ்சும் நிலவாகை இலையும் கப்பலேற்றி விற்ற மச்சாது என்கிற வியாபாரி அதைக் கட்டினார். கீழே சரக்கு வைக்கிற கிட்டங்கி, மேலே அலுவலகம், உச்சியில் கப்பல் வருகிறதா என்று பார்க்க ஒரு கூண்டு. அவர் காலம் போய்க் கப்பல் ஏஜெண்டுகள் வந்தார்கள். பிறகு கொஞ்ச காலம் ஒரு வங்கி நடந்தது. டைப்ரைட்டிங் பள்ளிக்கூடம் வந்தது, போயிற்று. வரிசையாகச் செல்போன் கடைகள் முளைத்தன. கடைசியில் எல்லாக் கடையும் செல்போனுக்குள்ளேயே குடிபோய்விட, செல்போன் விற்ற கடைக்கும் ஷட்டர் இறங்கியது. வௌவால்கள் வாடகை இல்லாமல் குடியேறின.

அதன் பிறகுதான் புழுக்க வருஷங்கள் தொடங்கின.

வெயில் தூத்துக்குடிக்குப் புதிதில்லை. ஆனால் இது வேறு மாதிரி. கடல் கொதித்துக் காற்றெல்லாம் ஈரமாகி, அந்த ஈரத்தோடு வெக்கையும் சேர்ந்து இறங்கியது. அப்படி இறங்கிய முதல் சித்திரையில் சேவியர் ஒரு வீட்டு மொட்டைமாடியில் சோலார் தகடு மாட்டிக்கொண்டிருந்தான். தலை சுற்றுகிறது என்று நிழலுக்கு வந்தான், தண்ணீர் குடித்தான், உட்கார்ந்தான். உட்கார்ந்தபடியே போய்விட்டான். நல்ல திடகாத்திரமான ஆள், நிழலில் இருந்தான், தண்ணீரும் குடித்தான், பிறகு எப்படி என்று பியூலா ஆஸ்பத்திரியில் திரும்பத் திரும்பக் கேட்டாள். வேர்வை காய்ந்தால்தான் உடம்பு ஆறும், காற்றில் இவ்வளவு ஈரம் இருந்தால் வேர்வை காயாது, அப்போது நிழலும் தண்ணீரும் போதாது என்று டாக்டர் சொன்னார். புரிந்தது. புரிந்ததால் ஒன்றும் குறையவில்லை.

அந்த வருஷம் செத்தவர்களின் எண்ணிக்கையைப் பார்த்துப் பயந்து மாநகராட்சி ஒதுங்குமிடம் தேடியபோது, பூட்டிக்கிடந்த மச்சாது கட்டடத்துக்குள் வெளியைவிடக் குளிர்ச்சியும் வறட்சியும் இருப்பதைக் கண்டுபிடித்தார்கள். சுவர்கள் ஒரு கை நீளத் தடிமனுக்கு முருகைக்கல். கடலிலிருந்து எடுத்த பவளக் கல் என்பதாலோ என்னவோ ஈரத்தை உறிஞ்சும், பிறகு பையப் பைய விடும். உச்சிக் கூண்டு வழியாக வெக்கை மேலே போய்விடும். மின்சாரமே தேவையில்லை. அதுதான் பெரிய விஷயம். எந்த நாளில் புழுக்கம் ஆளைக் கொல்லுமோ அந்த நாளில்தான் மின்சாரமும் இருக்காது.

ஆக, கிட்டங்கியாகவும் வங்கியாகவும் கடையாகவும் இருந்த கட்டடம் மனிதர்கள் உயிரோடு உட்கார்ந்திருக்கிற இடமாயிற்று. அரசாங்கம் அதற்கு நீளமாக ஒரு பெயர் வைத்தது. ஜனங்கள் குளுந்த வீடு என்றார்கள். கதவு திறக்கவும் கூட்டத்தைப் பார்த்துக்கொள்ளவும் ஆள் வேண்டும் என்றபோது பியூலா போய் நின்றாள். கத்திரி வெயில் தொடங்கினால் இருநூறு பேராவது விடிந்ததும் பாயோடு வருவார்கள். கீழ்த்தளத்தில், செல்போன் கடை இருந்த இடத்தில், தூணுக்குப் பக்கத்தில் தொம்மை மாமா உட்காருவார். துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். யாரும் இல்லாத மனுஷன். வருகிறவர்களுக்கெல்லாம் இடம் பிரித்துக் கொடுத்து, சண்டை வந்தால் தீர்த்து, பிள்ளைகளுக்குக் கதை சொல்லிக்கொண்டிருப்பார். சரக்கு இறக்கி வைக்கத் தெரிந்தவனுக்கு ஆள் இறக்கி வைக்கத் தெரியாதா என்பார்.

இப்படி ஆறேழு கத்திரி போயிற்று. ஒரு மாசி மாதத்தில் இசக்கிராஜா வந்தான்.

முப்பது வயதைத் தாண்டிய என்ஜினீயர். பேரிடர்த் துறை என்றான். அதிகாரி போல இல்லாமல், பெண் கேட்க வந்தவன் போலத் தயங்கித் தயங்கிக் கட்டடம் முழுக்கச் சுற்றினான். சுவரில் கை வைத்துப் பார்த்தான். உள்ளே கிணறு இருந்த முற்றத்தில் வெகுநேரம் நின்றான். பிறகு பியூலாவுக்கு எதிரே தரையில் உட்கார்ந்து, எதற்கு வந்தேன் என்று சொன்னான்.

ஒரு மிஷின் செய்திருக்கிறார்கள். கணிப்பான் என்று பெயர். தென்மாவட்டங்கள் முழுக்க, ஒவ்வொரு ஊரிலும் ஒவ்வொரு தெருவிலும், காற்று என்ன, ஈரம் என்ன, யார் எங்கே வேலை செய்கிறார்கள் என்பதையெல்லாம் வாங்கிக்கொண்டு, இன்ன இடத்தில் இன்ன நேரத்தில் ஆள் விழுவார்கள் என்று முன்கூட்டியே சொல்லிவிடும். ஊருக்கு ஊர் மணிக்கம்பம் நடுவார்கள். மணி அடித்து, எங்கே போக வேண்டும் என்று குரலில் சொல்லும்.

“ஆள் விழுததுக்கு முன்னாடியே சொல்லிருமா?” என்று பியூலா கேட்டாள்.

“முக்கால் மணி நேரம் முன்னாடி. அது போதும்க்கா.”

சேவியருக்கு அவ்வளவு நேரம் கிடைத்திருந்தால் என்று அவள் நினைத்தாள்.

அந்த மிஷினுக்குக் குளிர் வேண்டும், அதுவும் மின்சாரம் இல்லாத நாளிலும் வேண்டும் என்றான் இசக்கி. மாடியில் சோலார் தகடு வைத்து அதை ஓட்டிவிடலாம். ஆனால் அதைக் குளிர வைக்க இன்னொரு மடங்கு மின்சாரம் வேண்டும், அது கிடைக்காது. மின்சாரமில்லாமல் குளிர்ந்திருக்கிற பெரிய கட்டடம் இந்தப் பக்கத்தில் இது ஒன்றுதான் மிச்சம். மற்றதையெல்லாம் இடித்துக் கண்ணாடிக் கட்டடம் கட்டிவிட்டோம்.

“அப்போ எங்க ஆளுவ?”

“ஆத்துப்பாலத்துக்கு அந்தப் பக்கம் பெரிய ஷெட் போட்டுத் தாரோம். கூலர் எல்லாம் உண்டு. கரண்டு போனா அங்க கஷ்டந்தான். பொய் சொல்ல மாட்டேன்க்கா. அங்க இருக்கவங்களயும் சேத்துத்தான் மிஷினு பாத்துக்கும்.”

உத்தரவு போட்டுக் காலி செய்ய வைத்திருக்கலாம். அவன் அப்படிச் செய்யவில்லை. வருகிறவர்கள் சம்மதிக்கட்டும் என்றான். ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை எல்லோரையும் கூட்டி அவனே பேசினான். சத்தம் வந்தது. எங்களைத் தள்ளிவிட்டு இயந்திரத்தைக் குடிவைக்கிறாயா என்று பெண்கள் கேட்டார்கள். அவன் தலையைக் குனிந்துகொண்டு நின்றான். தூணடியிலிருந்து தொம்மை மாமா எழுந்ததும் சத்தம் அடங்கியது.

“நாம இருநூறு பேரு,” என்றார். “அங்கன எத்தன லட்சம் பேரு வெயில்ல நிக்காவ. நாம இருக்க இடத்துல ஒரு சாமான வச்சா அவ்வளவு பேரு பொழைக்கலாம்னா, பாய சுருட்ட வேண்டியதுதான். நான் மொதல்ல சுருட்டுதேன்.”

சொன்னபடியே சுருட்டினார்.

மிஷின் வந்து இறங்கியது. கறுப்புப் பீரோக்கள் வரிசை வரிசையாகக் கீழ்த்தளத்தையும் முதல் மாடியையும் அடைத்துக்கொண்டன. வெளியின் ஈரக்காற்று உள்ளே வராமல் உச்சிக் கூண்டை அடைத்து, மிஷினின் சூட்டை வெளியே தள்ளப் பக்கத்துச் சந்தின் பக்கமாகப் பெரிய காற்றாடிகள் வைத்தார்கள். கட்டடத்தின் கதவும் காற்றும் தெரிந்தவள் என்று பியூலாவை அங்கேயே வைத்துக்கொண்டார்கள். கூடவே இன்னொரு வேலையும் வந்தது. மணிக்கம்பத்தில் பேசுகிற குரல் இந்தப் பக்கத்துப் பேச்சாக இருந்தால்தான் ஜனங்கள் கேட்பார்கள் என்று இசக்கி நினைத்தான். பியூலாவை உட்கார வைத்து நாலைந்து நாள் பேச வைத்துப் பதிவு செய்தான். அதிலிருந்து எந்தச் சொல்லையும் அவள் குரலிலேயே மிஷின் சொல்லிக்கொள்ளும் என்றான்.

அந்தக் கத்திரியில் ஊர் ஊராகப் பியூலாவின் குரல் கேட்டது. பனங்காட்டில் மரமேறி நின்றவர்களை இறங்கச் சொன்னது. செங்கல் சூளையில் நின்றவர்களை வாய்க்காலுக்குப் போகச் சொன்னது. ஒரு பள்ளிக்கூடத்தின் தகரக் கூரைக்கு அடியிலிருந்து பிள்ளைகளை வெளியே மரத்தடிக்குக் கூப்பிட்டது. சாவு எண்ணிக்கை பாதிக்கும் கீழே இறங்கிற்று. பஸ்ஸில் அவள் டிக்கெட் கேட்டால் முன்னால் இருப்பவர்கள் திரும்பிப் பார்க்கத் தொடங்கினார்கள். ஒரு கிழவர் எழுந்து கையெடுத்துக் கும்பிட்டார். அவளுக்குக் கூச்சமாக இருந்தது. இறங்கி நடக்கும்போது, செத்துப்போனவனிடம் சொல்லிக்கொள்ள ஒரு நல்ல செய்தி இருப்பதாகத் தோன்றியது.

இன்னொன்றும் நடந்தது. அதை அப்போது யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஜனங்கள் வானத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டார்கள். முன்பெல்லாம் காது அடைத்தால், வேர்வை நின்றால், கை நடுங்கினால் வேலையைப் போட்டுவிட்டு ஓடுவார்கள். இப்போது மணிக்காகக் காத்திருந்தார்கள். மணி அடிக்கவில்லை என்றால் இன்னும் கொஞ்சம் வேலை செய்யலாம் என்று அர்த்தம் ஆயிற்று. கூலிக்கு ஆள் வைத்தவர்களும் அதையே சொன்னார்கள்.

அடுத்த வருஷம் கத்திரி பாதியில் இருக்கும்போது மின்சாரம் நின்றது. கடல்நீரே சூடாகிவிட்டதால் அனல்மின் நிலையங்களை நிறுத்திவிட்டார்கள் என்று சொன்னார்கள். முதல் நாள் ஷெட்டில் தாக்குப்பிடித்தார்கள். இரண்டாம் நாள் கூலர் ஓடாத தகர ஷெட், அடுப்பு மேல் வைத்த பாத்திரமாயிற்று. மாதா கோயில் நிறைந்து, பள்ளிவாசல் நிறைந்து, நிற்க இடமில்லாமல் போனது. மூன்றாம் நாள் காலையில் கொஞ்சப் பேர், கால் பழகின வழியிலேயே நடந்து பழைய கடைத்தெருவுக்கு வந்துவிட்டார்கள். கதவைத் தட்டவில்லை. இடத்தைக் கொடுத்துவிட்டோம், கேட்கக்கூடாது என்று நினைத்தார்களோ என்னவோ, சந்தில் கட்டடத்துச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார்கள். முருகைக்கல் முதுகுக்குக் குளிர்ச்சியாக இருக்கும் என்பது அவர்கள் ஞாபகம்.

உள்ளே இருந்த பியூலாவுக்கு அது தெரியாது. மிஷின் முன்னால் இசக்கி கண்ணிமைக்காமல் உட்கார்ந்திருந்தான். ஆறு மாவட்டத்திலும் மணி அடித்துக்கொண்டிருந்த நாள் அது. மதியம் நெருங்குகிற சமயம் வாசலிலேயே மணி அடித்தது. பியூலா தன் குரலைத் தானே கேட்டாள்.

“மச்சாது கட்டடத்துச் சந்துல இருக்கவங்க உடனே எந்திரிச்சு வேற இடத்துக்குப் போங்க. இங்கன இருக்காதீங்க.”

எங்கே போவது என்று சொல்லவில்லை. மிஷினுக்கும் இடம் தெரியவில்லை போலிருக்கிறது.

சந்துப் பக்கம் இருந்த சின்னச் சன்னலைத் திறந்தாள். முகத்தில் அடித்த காற்றில் மூச்சு நின்றுபோயிற்று. மிஷினின் காற்றாடிகள் தள்ளிய சூடு முழுக்க அந்தச் சந்துக்குள் அடைந்து நின்றது. ஊரிலேயே அதிக வெக்கை அங்கேதான் இருந்தது. அதில் முப்பது பேருக்கு மேல் சுவரோரமாகக் கிடந்தார்கள். பாதிப் பேர் எழுந்திருக்க முயன்று முடியாமல் உட்கார்ந்தார்கள். மூன்று நான்கு கைக்குழந்தைகள். தொம்மை மாமா ஒரு குழந்தையை மடியில் போட்டுத் துண்டால் விசிறிக்கொண்டிருந்தார். அவர் உதடு வெளுத்திருந்தது. சன்னலில் அவளைப் பார்த்ததும், ஒன்றுமில்லை என்பது போலக் கையை ஆட்டினார்.

பியூலா கதவை நோக்கி ஓடினாள். இசக்கி பின்னாலேயே வந்தான்.

“அக்கா, ஒரு நிமிஷம்.”

“திறக்கப் போறேன் தம்பி.”

“திறங்க. நான் தடுக்கல. ஆனா தெரிஞ்சுக்கிட்டுத் திறங்க.” இவ்வளவு பேர் உள்ளே வந்தால், கூண்டையும் திறந்துவிட்டால், உள்ளே இருக்கிற குளிர் மிஷினுக்குப் போதாது, பாதி பீரோக்களை நிறுத்த வேண்டியிருக்கும் என்றான். பாதி நின்றால் மிஷினால் எல்லா ஊரையும் பார்க்க முடியாது. ஆள் குறைந்த ஊரை முதலில் விட்டுவிடும். அப்படித்தான் அதற்குச் சொல்லி வைத்திருக்கிறது.

“அப்போ எல்லா ஊருலயும் இப்பமே மணிய அடிச்சு விட்டுருங்க.”

“போன வருஷம் ஒரு தடவ அப்படித்தான் அடிச்சோம். ஊரே ஒரு மண்டபத்துக்குள்ள போய் அடஞ்சுச்சு. உள்ளதான் செத்தாங்க. எப்ப எங்க போகணும்னு சொல்லாத மணி, மணியே இல்லக்கா.”

“எந்த ஊரெல்லாம் விட்டுப் போவும்?”

இசக்கி அவளைப் பார்த்தான். பிறகு கதவைப் பார்த்தான். “சின்னச் சின்ன ஊரு,” என்றான். “இருட்டுற வரைக்கும் அங்க மணி அடிக்காது. கரண்டு இல்லாம டவரெல்லாம் படுத்துருச்சு, போன் போட்டும் சொல்ல முடியாது. அங்க யாருக்கும் ஒண்ணும் ஆகாமலும் போகலாம்.”

வெளியே ஒரு குழந்தை அழுதுகொண்டிருந்தது. அது பாதியில் நின்றது. அந்த நிறுத்தம்தான் பியூலாவின் கையைத் தாழ்ப்பாளுக்குக் கொண்டுபோயிற்று. தாழ்ப்பாள் பழசு, தனியாகத் தூக்க வராது. இசக்கி மறுபக்கம் வந்து கை கொடுத்தான். இரண்டு பேருமாகத் தூக்கினார்கள்.

அதன் பிறகு யோசிக்க நேரமில்லை. தூக்க வேண்டியவர்களைத் தூக்கி வந்து, பீரோக்களுக்கு நடுவே கிடத்தி, கிணற்றுத் தண்ணீரை ஊற்றினார்கள். இசக்கி மாடியேறிக் கூண்டைத் திறந்தான். கீழே வந்து ஒவ்வொரு பீரோவாக நிறுத்தினான். நிறுத்த நிறுத்தத் திரையில் இருந்த புள்ளிகள் ஓரத்திலிருந்து அணைந்துகொண்டே வந்தன. அவன் அதைப் பார்க்காமல் இருக்க முயலவில்லை. கடைசிவரை பார்த்துக்கொண்டிருந்தான். தொம்மை மாமாவுக்குக் கண் திறக்க வெகுநேரம் ஆயிற்று. திறந்ததும் தூணைத் தடவிப் பார்த்து, அது பழைய இடத்திலேயே இருக்கிறதா என்று உறுதி செய்துகொண்டார். சந்தில் இருந்தவர்களில் ஒருவரும் சாகவில்லை. குழந்தைகளும் பிழைத்தன.

மறுநாள் மழை மேகம் வந்து வெக்கை கொஞ்சம் தணிந்தது, மின்சாரமும் வந்தது. இசக்கியைக் காணவில்லை. இசக்கியின் துறை அலுவலகத்திலிருந்து வந்த பெண்ணிடம் கேட்டபோதுதான் விஷயம் தெரிந்தது. கீழத்தருவையில் நான்கு பேர் இறந்துபோனார்கள். எல்லோரும் உப்பளத்து ஆட்கள். அதில் ஒருவர் இசக்கிராஜாவின் அண்ணன். அவன் கீழத்தருவைக்காரன் என்பதே பியூலாவுக்கு அப்போதுதான் தெரிந்தது. அவன் சொன்னதில்லை, அவளும் கேட்டதில்லை.

அந்தப் பெண் இன்னொன்றும் சொன்னாள். மிஷின் குறைந்தால் எந்த ஊரை முதலில் விடுவது என்று தீர்மானிக்கிற கூட்டத்தில், கீழத்தருவையைக் கொஞ்சம் மேலே வைத்துக்கொள்ளலாமே என்று பெரிய அதிகாரி ஒருவர் இசக்கியிடம் கேட்டாராம். எங்க ஊரு சின்ன ஊருதான் சார், அது இருக்க வேண்டிய இடத்திலேயே இருக்கட்டும் என்றானாம்.

பியூலா பஸ் ஏறினாள்.

கீழத்தருவை என்பது நாற்பது வீடு. அதற்கு அப்பால் கண் கூசுகிற வெள்ளையில் உப்புப் பாத்திகள். அடக்கம் முடிந்திருந்தது. வீட்டு முன்னால் போட்டிருந்த பந்தலின் கீழ் இசக்கியின் அண்ணி பேச்சியம்மாள் சுவரில் சாய்ந்திருந்தாள். உப்புத் தண்ணீரில் நின்று நின்று வெடித்த கால்கள். பியூலா பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். துக்கம் கேட்க வந்தவள் ஏதாவது சொல்ல வேண்டும்.

“நான் தூத்துக்குடியில இருந்து வாரேன். தம்பி கூட வேல பாக்கேன்,” என்றாள்.

பேச்சியம்மாள் தலையைத் தூக்கினாள். பந்தலில் இருந்த மற்றப் பெண்களும் திரும்பினார்கள்.

“நீங்கதானா,” என்றாள் பேச்சியம்மாள். “அந்தச் சத்தம் நீங்கதானா?”

பியூலா தலையசைத்தாள். அதற்கு மேல் வாயைத் திறக்கப் பயமாக இருந்தது.

பேச்சியம்மாள் குரலில் கோபம் இல்லை. நடந்ததைச் சொல்கிறவள் போலவே சொன்னாள். அன்றைக்குக் காலையிலிருந்தே காது அடைக்கிறது என்று புருஷன் சொன்னாராம். கரையேறி விடுவோமா என்று இவள் கேட்டாளாம். “அக்கா இன்னும் கூப்பிடலியே, கூப்பிட்டா போவோம்னாரு. ஒங்கள அக்கான்னுதான் சொல்லுவாரு. ஒங்க சத்தத்துக்குத்தான் காத்துக்கிட்டு கெடந்தோம். நான் தண்ணி எடுக்க வீட்டுக்கு வந்தேன். திரும்பிப் போறதுக்குள்ள நாலு பேரும் பாத்தியில கெடந்தாவ.”

பிறகு பியூலாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். “மிஷினுல கோளாறுன்னு சொல்லுதாவ. ஒங்க மேல என்ன இருக்கு.”

அந்தக் கையைப் பியூலாவால் விடுவித்துக்கொள்ளவும் முடியவில்லை, பிடித்துக்கொள்ளவும் முடியவில்லை.

இசக்கி உப்பளத்து வரப்பில் நின்றுகொண்டிருந்தான். தலை மழித்திருந்தது. மொட்டைத் தலையோடு பார்க்கையில் பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி இருந்தான். அந்த அண்ணன்தான் அவனை வளர்த்தது. இந்தப் பாத்திகளில் உப்பு வாரித்தான் அவனை என்ஜினீயருக்குப் படிக்க வைத்தது. பஸ்ஸில் வரும்போதே அவள் ஒரு கேள்வியை மட்டும் வைத்திருந்தாள்.

“ஏன் தம்பி என்னட்ட சொல்லல?”

பாத்தியில் காற்று சின்னச் சின்னக் கோடு போட்டுக்கொண்டிருந்தது.

“சொல்லியிருந்தா நீங்க தாழ்ப்பாள்ல இருந்து கைய எடுத்துருப்பீங்க,” என்றான். “அப்போ அந்தச் சந்துல கெடந்தவங்க எங்க அண்ணனுக்காகச் செத்ததா ஆயிரும். எடுக்காம திறந்திருந்தாலும், ஆளத் தெரிஞ்சே விட்டோம்னு ஆயிரும். ரெண்டுல எதையும் ஒங்க தலையில வைக்க எனக்கு மனசு வரல. யாரோன்னு இருந்தாத்தான்க்கா அந்தக் கதவ மனுஷனால திறக்க முடியும்.”

“உங்களுக்கு யாரோ இல்லயே.”

“இல்ல,” என்றான் இசக்கி.

சொல்லியிருந்தால் என்ன செய்திருப்பேன் என்று பியூலா தன்னையே கேட்டுப் பார்த்தாள். கையை எடுத்திருக்க மாட்டேன் என்று அவனிடம் சொல்ல நினைத்தாள். அது அவனுக்கு ஆறுதலா, இன்னொரு அடியா என்று தெரியவில்லை. எடுத்திருப்பேன் என்று சொன்னால், பிழைத்த குழந்தைகளின் முகத்தில் எப்படி விழிப்பது. வெயில் ஏறுவதற்குள் போய்விடுங்கள் என்று அவனே சொன்னான். பஸ் நிறுத்தம்வரை கூட வந்தான். போகும் வழியில் மணிக்கம்பம் இருந்தது. அதன் அடியில் யாரோ ஒரு கைப்பிடிப் பூ வைத்திருந்தார்கள். கோபத்தில் அதை யாரும் பிடுங்கிப் போடவில்லை. இனியும் அதைத்தான் நம்ப வேண்டும் என்று அந்த ஊருக்குத் தெரிந்திருந்தது.

மறுநாள் காலை அவள் கட்டடத்துக்கு வந்தபோது மிஷின் முழுசாக ஓடிக்கொண்டிருந்தது. கூண்டை மறுபடி அடைத்திருந்தார்கள். வேறு என்ஜினீயர் வந்திருந்தார். அன்றைக்கு ஏற்பட்டது மின்தடையால் வந்த கோளாறு என்று முடிவாகிவிட்டதாகவும், தன் பொறுப்பில்தான் கதவு திறக்கப்பட்டது என்று இசக்கிராஜா எழுதிக் கொடுத்திருப்பதாகவும், இனி எந்தக் காரணத்துக்கும் திறக்க வேண்டாம் என்றும் சொன்னார். சந்தில் யாரும் உட்காராமல் இருக்கக் கம்பிவேலி போடப்போகிறார்கள். கத்திரி முடிய இன்னும் நாள் கிடந்தது. மின்சாரம் மறுபடி போகலாம் என்று பேசிக்கொண்டார்கள்.

வாசல்படியில் தொம்மை மாமா உட்கார்ந்திருந்தார். இன்னும் முழுசாகத் தேறவில்லை, கம்பு ஊன்றி வந்திருந்தார். கையில் ஒரு பொட்டலம் முந்திரி மக்ரூன். அந்த என்ஜினீயர் பையனுக்குக் கொடுக்க வேண்டும் என்று வாங்கி வந்தாராம். அவன் ஊருக்குப் போயிருக்கிறான் என்றாள் பியூலா. சரி, நீ வைத்திருந்து கொடு என்று அவள் கையில் வைத்தார்.

போகத் திரும்பியவர் நின்றார். ஏதோ கேட்கக் கூசுகிறவர் போல உள்ளே பீரோக்களைப் பார்த்தார்.

“ஏட்டி பியூலா, ரெண்டு நாளா மனசுக்குள்ள ஒண்ணு கெடந்து அரிக்கி. நாம குடுத்த எடத்துல நாமளே திரும்பி வந்து ஏறிட்டோம்லா. எங்களால மிஷினுக்கு ஒண்ணும் ஆவலியே? வெளியூருல யாருக்கும் ஒண்ணும் ஆவலியே?”

அவர் கண்கள் அவளையே பார்த்துக்கொண்டிருந்தன. பியூலா பொட்டலத்தை இடதுகைக்கு மாற்றிக்கொண்டாள்.

“ஒண்ணும் ஆவல மாமா,” என்றாள். “எல்லாரும் சொகமா இருக்காவ.”

தன் குரல் கொஞ்சமும் பிசகவில்லை என்பதை அவளே கவனித்தாள். கிழவர் மூச்சை விட்டார். முகம் தெளிந்தது. வெயில் ஏறுமுன் ஷெட்டுக்குப் போய்விடுகிறேன் என்று சொல்லிவிட்டு, கம்பை ஊன்றிக்கொண்டு, பைய ஆற்றுப்பாலத்தைப் பார்த்து நடக்கத் தொடங்கினார்.